கிருஷ்ணன் மார்க், எந்தக் கிருஷ்ணன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் நாட்டின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். அங்கே படித்தவர்கள், பாடம் நடத்தியவர்கள், படங்களோடு. எங்கள் பக்கம் உங்கள் பத்திரிகை கடைக்கு வருவதில்லை, போனில்தான் படிக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். எழுதியவர் மெனக்கெட்டிருக்கிறார், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசியில், தமிழர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள சி.வி. ராமன் ஒருவர் போதும் என்கிற மாதிரி முடித்திருந்தாரே, அந்த இடத்தில்தான் எனக்கு மனசு ஒட்டவில்லை. ஒருவர் போதாது ஐயா. போதாது என்பதற்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் இரண்டு திருத்தம். தாகூரைப் பழைய மாணவர் வரிசையில் போட்டிருக்கிறீர்கள். அவர் அங்கே பட்டம் வாங்கியவர் இல்லை. 1913இல் பல்கலைக்கழகம்தான் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, அப்புறம் 1937இல் பட்டமளிப்பு விழாப் பேருரையை அவர் வங்காளியில் நிகழ்த்தினார். அதுவரை அந்த மேடையில் அந்தப் பேருரை ஆங்கிலத்தில்தான். மாணவர் என்பதைவிட இது பெரிய செய்தி, இதை விட்டுவிட்டீர்கள். அடுத்தது, ராமனும் ராதாகிருஷ்ணனும் அங்கே படித்தவர்கள் என்று நினைக்கிற மாதிரி ஒரே கட்டத்துக்குள் போட்டிருக்கிறது. இரண்டு பேரும் படித்தது சென்னையில். ராமன் மாநிலக் கல்லூரி, ராதாகிருஷ்ணன் கிறித்துவக் கல்லூரி. கல்கத்தாவுக்கு அவர்கள் போனது பேராசிரியராக. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் நான் சொல்ல வருகிற எல்லாமே இதில்தான் இருக்கிறது. படிக்க வந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது எந்தப் பல்கலைக்கழகமும் செய்கிற வேலை. இன்னொரு மூலையில், இன்னொரு மொழிக்காரனைத் தேடிப் பிடித்து நாற்காலி போட்டு உட்கார வைப்பது எல்லோரும் செய்கிற வேலையா?

நான் இருப்பது இந்தர்புரியில். 35 வருஷமாகத் தில்லி. பிறந்தது தென்காசிப் பக்கம். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் 26 வருஷம் அறிவியல் பாடம் எடுத்தேன். பூசா வழியாகப் போகும்போதெல்லாம் சாலையோரம் பச்சைப் பலகையில் டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம், மார்க் என்றால் இந்தியில் சாலை. போன பிப்ரவரியில் என் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது கேட்டான், "ஆச்சி, இது எந்தக் கிருஷ்ணன்?" என்று. அவனுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபிறகு ஒரு யோசனை, நம்மாட்கள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று. கரோல் பாகில் மளிகைக் கடையில், கோயிலில், மெட்ரோவில் கூட வருகிறவர்களிடம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பாதிப் பேர் ஜனாதிபதியாக இருந்த ராதாகிருஷ்ணன் என்றார்கள். ஒரு அம்மா கண்ணபரமாத்மா பெயர்தானே என்றார். எல்லோரும் தமிழ்க்காரர்கள். தினமும் அந்தப் பலகையைத் தாண்டிப் போகிறவர்கள்.

சரி, கிருஷ்ணனுக்கு வருவதற்கு முன் கதவைத் திறந்து வைத்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்தில் அசுதோஷ் முகர்ஜிக்கு ஒரே ஒரு வரி. அது நியாயமில்லை. 1857 ஜனவரி 24ஆம் தேதி தொடங்கியபோது அது பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கிற இடம், அவ்வளவுதான். பாடம் நடந்ததெல்லாம் கல்லூரிகளில். லாகூரிலிருந்து ரங்கூன் வரைக்கும் அதன் எல்லை. இந்தத் தில்லியில் 1881இல் ஆரம்பித்த செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியே முதலில் கல்கத்தாவோடுதான் இணைந்திருந்தது, அடுத்த வருஷம் பஞ்சாப் பல்கலைக்கழகம் வந்தபிறகு அங்கே மாறியது. தில்லிப் பல்கலைக்கழகம் வந்ததே 1922இல்தான். முதல் பி.ஏ. பரீட்சை 1858. தேறியவர்கள் இரண்டே பேர், பங்கிம் சந்திரரும் ஜதுநாத் போஸும். (நம் சென்னைப் பல்கலைக்கழகமும் அதே 1857தான், செப்டம்பர் 5. ராதாகிருஷ்ணனின் பிறந்த நாள் என்று நாம் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோமே, அதே தேதி. அங்கே முதலில் பட்டம் வாங்கிய இரண்டு பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள், கரோல் விசுவநாதபிள்ளையும் அவருடைய மாணவர் சி.வை. தாமோதரம்பிள்ளையும். ஏட்டில் கிடந்த கலித்தொகையை அச்சில் ஏற்றிய அதே தாமோதரம்பிள்ளைதான்.)

இந்தப் பரீட்சைக் கூடத்தை ஆராய்ச்சி நடக்கிற இடமாக மாற்றியவர் அசுதோஷ் முகர்ஜி. கணக்குப் படித்தவர், உயர் நீதிமன்ற நீதிபதி. 1906இலிருந்து 1914 வரை துணைவேந்தர், அப்புறம் 1921இலிருந்து 1923 வரை மறுபடியும். அரசாங்கத்திடம் பணம் எதிர்பார்த்துக் கொண்டு உட்காரவில்லை. தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்று இரண்டு பெரிய வக்கீல்கள். வாழ்நாளெல்லாம் வாதாடிச் சம்பாதித்ததை லட்சம் லட்சமாகக் கொண்டுவந்து பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் 1914இல் ராஜாபஜாரில் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் போட்டார்கள், பாலித் பேராசிரியர், கோஷ் பேராசிரியர் என்ற பதவிகள் வந்தன. அந்த நாற்காலிகளில் இந்தியர்கள்தான் உட்கார வேண்டும் என்பது கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனை. 1912-13இல், வெள்ளைக்காரன் ஆட்சியில் இப்படி எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆட்களை எங்கிருந்து எடுத்தார் பாருங்கள். கணக்குக்குப் பல்லியாவிலிருந்து கணேஷ் பிரசாத். பழங்கால வரலாற்றுக்கு மராட்டியர் டி.ஆர். பண்டார்கர். தத்துவத்துக்கு 1921இல் மைசூரிலிருந்து நம் திருத்தணிக்காரர் ராதாகிருஷ்ணன். வேதியியலுக்கு மட்டும் உள்ளூரிலேயே பி.சி. ராய் இருந்தார். இயற்பியலுக்கு ஒரு அக்கவுண்டன்ட்.

ஆமாம், அக்கவுண்டன்ட். ராமன் திருச்சி திருவானைக்காவலில் பிறந்து, 1907இல் எம்.ஏ. முடித்து, நிதித்துறைப் பரீட்சை எழுதித் துணைக் கணக்காயராகக் கல்கத்தாவுக்குப் போனவர். வயசு 18. ஆபீசுக்குப் போகிற வழியில் பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் ஆரம்பித்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகையைப் பார்த்து உள்ளே போனார். அதற்குப் பிறகு காலையில் அங்கே, பகலெல்லாம் ஆபீஸ், சாயங்காலம் திரும்பவும் அங்கே என்று பத்து வருஷம். இடையில் ரங்கூன், நாக்பூர் மாற்றல் வேறு. டாக்டர் பட்டம் கிடையாது. சீமைக்குப் போனதில்லை. பாலித் பேராசிரியராக வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது, நான் போகமாட்டேன் என்று ராமன் சொல்லிவிட்டார். அசுதோஷ் விதியைத் தளர்த்தினார், 1917இல் ராமன் உள்ளே வந்தார். ஆபீசில் வாங்கிய சம்பளத்தில் ஏறக்குறைய பாதிக்கு வந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு அக்கவுண்டன்ட், டாக்டர் பட்டம் இல்லாமல், ஆனால் கையில் நல்ல ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு வந்து நின்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். அதனால்தான் சொல்கிறேன், ராமன் படத்தைப் போட்டால் பக்கத்தில் அசுதோஷ் படத்தையும் அதே அளவில் போட வேண்டும்.

இன்னொன்று, ராமன் விளைவை, அதாவது ஒரு பொருளில் பட்டுச் சிதறுகிற ஒளியில் கொஞ்சம் நிறம் மாறி வருவதை, கண்டுபிடித்தது பல்கலைக்கழகக் கட்டடத்தில் இல்லை. பௌபஜார் கழகத்தில். பதவி பல்கலைக்கழகத்தில், பரிசோதனை கழகத்தில், மாணவர்கள் இரண்டு இடத்திலும். அந்த மாணவர்கள் யார் என்று பார்க்கப் போனால் நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி இருக்கும். பாலக்காடு கல்பாத்தியிலிருந்து கே.ஆர். ராமநாதன். பாலக்காட்டிலிருந்தே எல்.ஏ. ராமதாஸ். அலிப்பூரில் அரசாங்கப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலராக வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் வந்து ஆராய்ச்சி செய்த எஸ். வெங்கடேஸ்வரன். அப்புறம் வத்திராயிருப்பிலிருந்து கிருஷ்ணன்.

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4ஆம் தேதி பிறந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர், இன்றைக்கு விருதுநகர் மாவட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, அப்புறம் சென்னைக் கிறித்துவக் கல்லூரி. படிப்பு முடிந்து அங்கேயே வேதியியல் துறையில் வேலை பார்த்தபோது, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்துகொண்டு யார் என்ன கேட்டாலும், இயற்பியலோ கணக்கோ வேதியியலோ, பதில் சொல்லிக்கொண்டிருப்பாராம். பக்கத்துக் கல்லூரிப் பையன்களெல்லாம் அதற்காகவே வருவார்களாம். ஆசிரியையாக இருந்தவளுக்கு இதைப் படிக்கும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. 1920இல் ராமனிடம் படிக்கக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார், அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார், 1923இல் கழகத்துக்கு வந்தார்.

ராமன் விளைவை நாம் பள்ளியில் ஒரு மேதைக்கு ஒரு நாள் தோன்றிய எண்ணம் மாதிரிச் சொல்லிக்கொடுக்கிறோம். நானே அப்படித்தான் ரொம்ப வருஷம் சொல்லிக்கொடுத்தேன். நடந்தது ஏழு வருஷக் கதை. 1921இல் பல்கலைக்கழகம் ஒரு மாநாட்டுக்காக ராமனை இங்கிலாந்துக்கு அனுப்பியது. கப்பலில் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, கடல் ஏன் நீலம் என்று யோசித்தார், வானத்தின் நிறம் கடலில் தெரிகிறது என்ற பழைய விளக்கம் சரியில்லை, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று காட்டினார். 1923இல் ராமநாதன் சுத்தமான திரவங்களில் சூரிய ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தபோது, சிதறி வருகிற ஒளியில் லேசாக வேறு நிறம் கலந்து வருவதைக் கண்டார். அழுக்காக இருக்கும் என்று திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். அது போகவில்லை. 1927 கடைசியில் வெங்கடேஸ்வரன் கிளிசரினில் அதையே இன்னும் தெளிவாகப் பார்த்தார், நீலம் வர வேண்டிய இடத்தில் பச்சை. 1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்றால், நாள்தோறும் ஒவ்வொரு திரவமாக. முறை ரொம்ப எளிது, என் மாணவர்களுக்கு அட்டையும் கலர்க் கண்ணாடியும் வைத்தே விளக்கியிருக்கிறேன். சூரிய ஒளி உள்ளே போகிற வழியில் ஊதாநீலக் கண்ணாடி ஒன்று. சிதறி வெளியே வருகிற பக்கம் மஞ்சள்பச்சைக் கண்ணாடி. முதல் கண்ணாடி விடுவதை இரண்டாவது தடுத்துவிடும். ஒளி நிறம் மாறாமல் வந்தால் இருட்டுதான் தெரிய வேண்டும். ஆனால் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. அப்படியானால் உள்ளே போன ஒளி நிறம் மாறித்தானே வெளியே வந்திருக்க வேண்டும். மூலக்கூறு ஒளியிடமிருந்து கொஞ்சம் ஆற்றலை வாங்கிக்கொண்டு அனுப்புகிறது, எவ்வளவு வாங்கியது என்பது அந்தந்தப் பொருளின் கைரேகை மாதிரி. இதை ஏறக்குறைய 60 திரவங்களில் பார்த்துவிட்டுத்தான் உலகத்துக்குச் சொன்னார்கள்.

கிருஷ்ணன் அந்த நாட்களில் டைரி எழுதியிருக்கிறார். அதில் பிப்ரவரி 7ஆம் தேதி ராத்திரி ஒன்று வரும். சாப்பிட்டுவிட்டு வெங்கடேஸ்வரனோடு பேசிக்கொண்டிருக்கிறார், ஒன்பது மணி வாக்கில் ராமன் வீடு தேடி வந்து கூப்பிடுகிறார். காலையில் பார்த்தது என்ன என்று புரிந்துவிட்ட பரபரப்பு. வாசலிலேயே கால்மணி நேரத்துக்கு மேல் நின்று பேசிக்கொண்டிருந்தார்களாம். கல்கத்தாவின் ஒரு தெருவில், திருவானைக்காவல்காரரும் வத்திராயிருப்புக்காரரும். தமிழில்தான் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

16ஆம் தேதி நேச்சர் என்ற ஆங்கில அறிவியல் இதழுக்குக் கடிதம் போனது. மார்ச் 31ஆம் தேதி அச்சில் வந்தது. கீழே இரண்டு பெயர், சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணன். பிப்ரவரி 28ஆம் தேதி நிறமாலைமானியில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டுகிற கருவியில், நேராகவே பார்த்து உறுதி செய்தார்கள், அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் தினம் என்று 1987 முதல் கொண்டாடுகிறோம். 1930இல் நோபல் ராமனுக்கு. அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். கடலைப் பார்த்துக் கேள்வி கேட்டதும், ஏழு வருஷம் விடாமல் அந்தக் கேள்வியைத் துரத்தியதும், எல்லோரையும் சேர்த்து வைத்ததும் ராமன். ஆனால் கடிதத்தில் இரண்டு பெயர் இருக்கும்போது நம் பாடப் புத்தகத்திலும் உங்கள் பக்கத்திலும் ஏன் ஒன்றுதான் இருக்கிறது? ஒருவருக்குப் பெருமை சேர்க்க இன்னொருவரை மறக்க வேண்டுமா? பல்கலைக்கழகப் படியே மிதிக்காமல், அந்தக் கழகத்தில் 25 வருஷம் ராமனுக்கு உதவியாக இருந்து, தன் பெயரிலேயே லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை போட்ட அஷுதோஷ் தே என்ற வங்காளியையும் நான் இந்தப் பட்டியலில் வைப்பேன்.

கிருஷ்ணன் அந்த வருஷமே டாக்கா போய்விட்டார். அங்கே படிகங்களின் காந்தப் பண்புகளைப் பற்றிச் செய்த வேலைக்கே தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். 1933இல் கல்கத்தா கழகத்துக்குப் பேராசிரியராகத் திரும்பினார், 1940இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1942இல் அலகாபாத், 1947இல் இங்கே பூசாவில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். நேரு அடிக்கல் நாட்டினார், 1950 ஜனவரியில் படேல் திறந்து வைத்தார். இந்தியாவின் மணி என்ன என்று முடிவு செய்கிற கடிகாரம் அங்கேதான் இருக்கிறது. ஒரு கிலோ என்றால் எவ்வளவு என்று காட்டுகிற தேசிய எடைக்கல் அங்கேதான். ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கிற மை அந்தக் கூடத்தில் உருவானது. வத்திராயிருப்புக்காரர் எழுப்பிய இடம் இது! வடமொழியும் தமிழும் ஆழ்ந்து படித்தவர். பார்க்கும்போதெல்லாம் புதுசாக ஒரு கதை சொல்வார் என்று நேருவே சொல்லியிருக்கிறார். 1958இல் விஞ்ஞானிகளுக்கான பட்நாகர் பரிசு ஆரம்பித்தபோது முதலில் வாங்கியவரும் இவர்தான். 1961இல் போய்விட்டார்.

இன்னொருவரைச் சொல்லாமல் முடித்தால் என் மனசு ஆறாது, ஏனென்றால் அவர் எங்கள் ஊர்ப் பக்கம். எஸ்.எஸ். பிள்ளை, சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வல்லத்தில் 1901இல் பிறந்தவர். பிறந்த மறுவருஷமே தாய் போய்விட்டார், பள்ளி இறுதி வருஷத்தில் தகப்பனாரும். ஒரு ஆசிரியர் கைகொடுத்துத்தான் மேலே படித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது, கணக்கில் 150 வருஷத்துக்கு மேலாக இழுபட்டுக்கொண்டிருந்த வாரிங் புதிரின் பெரும்பகுதியை 1936இல் தீர்த்தார். 1942இல் கல்கத்தா பல்கலைக்கழகம் கூப்பிட்டுக்கொண்டது.

அந்தப் புதிரை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். எந்த முழு எண்ணை எடுத்தாலும் நான்கு வர்க்கங்களுக்குள் கூட்டி எழுதிவிடலாம். 7 என்றால் 4, 1, 1, 1. கன எண்கள் என்றால் ஒன்பது போதும், 23ஐ எடுத்துப் பாருங்கள், இரண்டு 8, ஏழு 1, மொத்தம் ஒன்பது. ஆறாம் படி எண்கள், அதாவது ஒரே எண்ணை ஆறு தடவை போட்டுப் பெருக்கி வருகிற 1, 64 மாதிரி எண்கள் என்றால் எத்தனை போதும்? 73 என்று நிறுவியவர் எங்கள் வல்லத்துக்காரர். 703ஐ உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். 64 பத்து, 1 அறுபத்துமூன்று, சரியாக 73 வரும், அதற்குக் குறைத்து முடியாது. எந்த எண்ணுக்கும் 73க்கு மேல் தேவைப்படாது என்று காட்டுவதுதான் கஷ்டம், அதைத்தான் அவர் காட்டினார். 1950இல் அமெரிக்காவில் உலகக் கணித மாநாடு, பிறகு ஒரு வருஷம் பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி என்று கிளம்பினார். ஆகஸ்ட் 31ஆம் தேதி கெய்ரோ பக்கத்தில் விமானம் விழுந்துவிட்டது. 49 வயசு. ராமானுஜன் பெயர் தெரியாத தமிழர் இல்லை. பிள்ளை பெயர் தென்காசியிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

பெருமையை மட்டும் எழுதினாலும் சரியாகாது. மேகநாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ் இருவரும் ஒரே வகுப்பு, 1915 எம்.எஸ்சி.யில் போஸ் முதல், சாஹா இரண்டாவது. புது அறிவியல் கல்லூரியில் இளம் ஆசிரியர்களாகச் சேர்ந்து, ஜெர்மன் கற்றுக்கொண்டு, ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள், 1920இல் பல்கலைக்கழகமே அதை அச்சிட்டது. இதெல்லாம் உங்கள் பக்கத்தில் அழகாக வந்திருந்தது. ஆனால் அதே சாஹா, ஏழைக் கடைக்காரர் மகன், மாணவராக இருந்தபோது விடுதியில் சாதியைக் காட்டி மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவிடவில்லை. அதுவும் கல்கத்தாவில்தான் நடந்தது. அதையும் எழுதுங்கள், படிக்கிற பிள்ளைகளுக்கு அது உதவும்.

பெண்களுக்கு ஒரு படம் கூட இல்லை என்பதும் உறுத்தியது. 1878இல் காதம்பினி அங்கே நுழைவுத் தேர்வு தேறினார், பிறகு அவரும் சந்திரமுகி போஸும் பட்டம் வாங்கிய முதல் பெண்கள் ஆனார்கள், காதம்பினி டாக்டரும் ஆனார். பிபா சௌதுரி 1936இல் இயற்பியல் எம்.எஸ்சி. தேறியபோது அந்த வருஷம் அவர் ஒருவர்தான் பெண். டி.எம். போஸோடு சேர்ந்து மலை உச்சியில் ஒளித்தகடுகளை வைத்து அண்டக் கதிர்களை ஆராய்ந்தவர். புள்ளியியலில் சி.ஆர். ராவ், தெலுங்குக்காரர், 1943இல் அங்கே எம்.ஏ. தங்கப் பதக்கம், 2023இல் 102 வயசில் மறைந்தார். அவரும் உங்கள் பட்டியலில் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். பிப்ரவரி 28 வரும்போது வழக்கம்போல ராமன் படம் போடுவீர்கள். கூடவே அந்த 1928 மார்ச் கடிதத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதி, கிருஷ்ணன் படத்தையும் போடுங்கள். வத்திராயிருப்பு என்று ஊர்ப் பெயர் கட்டாயம் வரட்டும், கல்பாத்தியும் வல்லமும் வரட்டும். பேரனுக்கு அடுத்த வருஷமும் பள்ளி மேடையில் பேச வேண்டும் என்று ஆசை. போன தடவை அவன் பேசிய தாளில் ராமன் பெயர் மட்டும்தான் இருந்தது, அதை எழுதிக்கொடுத்தவள் நான்தான். இந்தத் தடவை உங்கள் பத்திரிகையில் வருவதை வெட்டி வைத்து, அதிலிருந்தே எழுதிக்கொள்ளட்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
இந்தர்புரி, புது தில்லி